ஐந்தாவது ரூத்

அமெரிக்காவிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை வரும் மரப்பெட்டியைத் திறந்ததும் குப்பென்று அடிக்கும் அந்துருண்டை வாசனை, இத்தனை காலம் கழித்து எங்காவது மூக்கில் பட்டாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தகரக் கூரைக்கடியில் வெந்துகொண்டிருந்த ரங்கூன் துறைமுகக் குடியிருப்புக்கு அந்தப் பெட்டி கொண்டுவந்ததெல்லாம் கம்பளிக் காலுறை, கம்பளிக் கையுறை, பிறகு வாட்டசாட்டமான ஒரு பெண்பிள்ளை போட்டுக்கொள்ளும் அளவில் கழுத்துவரை பொத்தான் வைத்த ஒரு கவுன். அப்போது எனக்கு வயது பத்து. "ஒன்ன யானைன்னு நெனச்சிட்டாங்களா அந்த ஊர்ல?" என்று கேட்டுக்கொண்டே என் அம்மா அதைப் பிரித்து எனக்கொரு சட்டை, தம்பிக்கொரு சட்டை, தலையணைக்கு இரண்டு உறை என்று தைத்துவிடுவாள். ஏன் இவ்வளவு பெரிய கவுன் என்று நாங்கள் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பின்னால் வந்த தொல்லை வந்திருக்காது.

என் பெயர் பாக்கியம். ஆனால் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய எங்கள் பள்ளிக்கூடத்தின் பதிவேட்டில் நான் ரூத் ஹார்விக். ஹார்விக் என்பது அமெரிக்காவில் பழைய அரசியல் குடும்பமாம். முதல் ஹார்விக் ஆங்கிலேய மன்னரை எதிர்த்துச் சண்டை போட்டவர், அவர் மகன் ஒரு மாகாணத்துக்குக் கவர்னர், பேரன் சட்டசபையில் பெரிய பேச்சாளர். மூவரும் முறைத்துக்கொண்டிருக்கும் படம் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் தொங்கியது. காலையில் ஆங்கிலேய மன்னர் நீடூழி வாழ்க என்று பாடிவிட்டு, அதே மூச்சில் அவரது மூதாதையை எதிர்த்த ஹார்விக்கின் பெருமையை ஒப்பிப்போம். இது என்ன கூத்து என்று ஒரு தடவை கேட்டதற்கு வெயிலில் நிற்க வைத்தார்கள்.

அந்தக் குடும்பம் எங்கள் பள்ளியில் ஒரு ஏழைப் பெண்ணின் படிப்புக்குப் பணம் அனுப்பியது. பதிலுக்கு அந்தப் பெண், முதல் ஹார்விக்கின் மனைவி பெயரைப் பள்ளிக்குள் தாங்கிக்கொள்ள வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒருத்தி படித்து முடித்ததும் பெயர் அடுத்தவளுக்குப் போகும். எனக்கு முன்னால் நான்கு பேர் ரூத்தாக இருந்து போயிருந்தார்கள். எனக்குப் பின்னால் யார் என்பதும் முடிவாகியிருந்தது. எங்கள் குடியிருப்பிலேயே மூன்றாவது வீட்டுச் செல்லம், என்னைவிட மூன்று வயது சின்னவள். அவளுடைய அப்பா லத்தா பேட்டையில் சீனர் கடைகளுக்கு மூட்டை சுமந்தார். "நீ எப்பக்கா பெரிய பரீச்சை எழுதுவ?" என்று வாரத்துக்கொரு முறையாவது வந்து கேட்டு என் உயிரை எடுப்பாள்.

ஜெட்டியில் கப்பல் சரக்கு இறக்கும் வேலையில் இருந்த என் அப்பாவுக்கு அந்தப் பெயரில் எந்த வருத்தமும் இல்லை. "பேர மாத்துனா மாத்திட்டுப் போறான். படிப்பு நின்னுச்சுன்னா மறு கப்பல்ல ஒன்ன ஊருக்கு ஏத்திருவேன். அத்தை மகன் காத்துக்கிட்டு இருக்கான்" என்பார். அந்த அத்தை மகனுக்கு முப்பது வயது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு ரூத்தாக இருந்தேன்.

கடிதத்தில் என்னென்ன எழுதலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. உடல் நலம், மழை, நன்றி. ரங்கூன் மழையைப் பற்றி எத்தனை முறைதான் எழுதுவது? ஒரு கட்டத்தில் சலித்துப் போய், என் ஐந்து வயதுத் தம்பி காலில் மாட்டுவண்டிச் சக்கரம் ஏறியதையும், ஆஸ்பத்திரியில் அவன் மருந்தைத் துப்பி நர்ஸின் வெள்ளை உடுப்பைப் பாழாக்கியதையும் விலாவாரியாக எழுதினேன். திருத்த வேண்டிய எஸ்தர் ‘செயாமா’ காய்ச்சலில் படுத்திருந்ததால் கடிதம் அப்படியே போய்விட்டது. பர்மாவில் ஆசிரியையை அப்படித்தான் அழைப்போம், அவர் தமிழராக இருந்தாலும்.

அடுத்த வருஷம், பணமும் பெட்டியும் அனுப்பிவந்த மிஸ் ஹார்விக்கே கப்பலில் வந்து இறங்கினார். கல்யாணம் செய்துகொள்ளாத, எழுபதைத் தொட்ட அம்மாள். வருவதற்கு இரண்டு நாள் முன்பு வந்த அவரது கடிதத்தைப் படித்துவிட்டுத் தலைமை ஆசிரியையான பெரிய செயாமா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். இருபது வருஷமாகத் தனக்கு எழுதிவரும் ரூத்தைப் பார்க்கத் துடிப்பதாக அந்த அம்மாள் எழுதியிருந்தார். ரூத் ஒருத்திதான் என்றே அவர் நினைத்திருந்தார். ஆள் மாறியதை முந்தைய தலைமை ஆசிரியை சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு யாருமே சொல்லவில்லை. ஒரே காப்பி நோட்டைப் பார்த்து எழுதிப் பழகிய எங்கள் ஐந்து பேர் கையெழுத்தும் அச்சு அசலாக ஒன்றே. வளர்ந்துவிட்ட ரூத்துக்கு ஐந்து வயதுத் தம்பி எப்படி என்றுகூட அவர் யோசிக்கவில்லை. கீழை நாடுகளில் எதுவும் நடக்கும் என்று விட்டிருப்பார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. எஸ்தர் செயாமா இரண்டாவது ரூத்தாக இருந்தவர், வயதும் பொருந்துகிறது, எனவே அவரையே நிறுத்திவிட்டால் அது முழுப் பொய் ஆகாது என்று பெரிய செயாமா முடிவு கட்டினார். மாலை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலை. "வாயைத் திறந்தால் இந்தப் பணம் நின்றுவிடும்" என்று எச்சரித்தார். எனக்கு அத்தை மகன் முகம் நினைவுக்கு வந்தது. தலையாட்டினேன்.

மண்டபத்தில் மிஸ் ஹார்விக் எஸ்தர் செயாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எங்கள் வீட்டில் இந்தப் பெயரோடு மிச்சமிருப்பது நானும் நீயும்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. செயாமாவும் நடுங்கினார், வேறு காரணத்துக்காக. பிறகு அந்த அம்மாள், "உன் தம்பி? அந்தக் குழந்தையின் கால்?" என்று கேட்டார். அந்தக் கடிதத்தைப் படித்தே இராத செயாமா, கேட்டவரின் ஈரக் கண்களைப் பார்த்து இழவு விசாரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, "அவன் கர்த்தரிடம் போய்விட்டான்" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. காலையில் என் பங்குப் பழையதையும் சேர்த்துத் தின்றுவிட்டு, தெரு நாயை நொண்டி நொண்டித் துரத்திக்கொண்டிருந்தவனை இப்படிச் சாகடித்தால்? "அவன் சாகவில்லை. நன்றாக இருக்கிறான். அந்தக் கடிதம் நான் எழுதியது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு எல்லாம் வெளியே வந்தது. எத்தனை ரூத் என்று அவர் கேட்டார். ஐந்து என்றார் பெரிய செயாமா. மிஸ் ஹார்விக் கத்தவில்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை. என் சொந்தப் பெயரைக் கேட்டார், இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், வரவில்லை, விட்டுவிட்டார். நான் படித்து முடிக்கும்வரை பணம் வரும் என்றார். அதற்குப் பிறகு இன்னொரு ரூத் வேண்டாம், தன்னால் இனி யாரையும் புதிதாகப் பழக முடியாது என்றார்.

என் சீட்டு பிழைத்ததென்று நான் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். செல்லத்தின் நினைவே எனக்கு வரவில்லை. இதை எழுத இன்று வெட்கமாக இருக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் லத்தாவில் ஒரு கடையில் வெங்காயம் தரம் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு வயதில் அவளுக்குக் கல்யாணம்.

அந்தப் பள்ளிக்கூடம் சண்டைக் காலத்தில் குண்டு விழுந்து போயிற்று. மூன்று ஹார்விக்குகளும் படச் சட்டத்தோடு எரிந்தார்கள். சில வருஷங்களுக்கு முன் இங்கே வந்த ஓர் அமெரிக்கரிடம் அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன். கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லிவிட்டார். அடிவாங்கி அந்த வம்சத்தை மனப்பாடம் செய்தவர்களில் உயிரோடு இருப்பது நான் மட்டுமாகத்தான் இருக்க வேண்டும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

நான் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது ரங்கூன் புறநகரான தின்கன்ஜூனில் இருக்கிறேன். மூன்று தெரு தள்ளிச் செல்லம் இருக்கிறாள். அவளுடைய மகன் மதராஸுக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. அவன் கடிதம் வந்தால் பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வருவாள். போன வாரம் வந்தபோது எனக்குக் கண் உறுத்தி நீர் வடிந்துகொண்டிருந்ததால், நாளைக்குப் படித்தால் ஆகாதா என்று சிடுசிடுத்தேன். அவள் கோபப்படவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, ஏதோ அரிசி விலை பேசுவதுபோலச் சொன்னாள்.

"அன்னைக்கு நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, இத நானே படிச்சிருப்பேன்க்கா."

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடிதத்தைப் பிரித்து, முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.