கடைசி வரியை விட்டுப் படிப்பவர்

வார்த்தினா எதைப் படித்தாலும் கடைசி வரியை விட்டுவிடுவார். நிலையத்தின் அன்றாடக் கணக்கை வாக்கிடாக்கியில் வாசிக்கும்போதும் சரி, விரத்னோ செல்பேசியில் தட்டிக்கொண்டிருப்பதைத் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும்போதும் சரி, கடைசிக்கு முந்தைய வரியோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு அடியில் இன்னொரு வரி விழுந்தால்தான் அது அவருக்கு வரி. ஆறு வருடமாகப் பக்கத்து மேசைக்காரனான விரத்னோ இதை ஏதோ மூடப்பழக்கம் என்றே நினைத்திருந்தான்.

எரிமலைச் சரிவில் மூன்று அறைகள் கொண்டது அந்த நிலையம். ஆறு கிலோமீட்டர் மேலே, வெனிங் ஆற்றங்கரையில் ஒரு கருவி புதைந்திருந்தது. உச்சியில் மழை கொட்டி, சாம்பலும் பாறையும் கலந்த சேறு ஆற்றில் இறங்கினால் தரை அதிரும். அந்த அதிர்வை எண்களாக்கிக் கருவி கீழே அனுப்பும். ஒரு நிரல் அதைக் கோப்பில் எழுதும், இன்னொன்று திரையில் கோடாக வரையும். கீழே ஆற்றுப் படுகையில் மணல் அள்ளுகிறவர்களின் உயிர் அந்தக் கோட்டில் இருந்தது.

விரத்னோ பொறியியல் படித்தவன். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தது அவன் ஒருவன்தான். வார்த்தினா தொழிற்பள்ளியைப் பாதியில் விட்டவர். மணல் சுமந்தவரின் மகள். நிலையத்துக்குத் தரை துடைக்க வந்து, பிறகு எண்களைத் தட்டச்சு செய்பவரானார்.

அப்படி ஆன இரண்டாம் வருடம் ஒரு தவறு செய்தார். பதிவு நிரல் மணிக்கு ஒருமுறை கோப்பை ஒரு நொடி விட்டுப் பிடிக்கும். அந்த நொடியில் தற்செயலாகக் கோப்பைத் திறந்தவர், அப்படியே வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். எழுத வந்த நிரலுக்கு இடம் கிடைக்கவில்லை. நாற்பது நிமிடம் மலை பேசியது எதுவும் பதிவாகவில்லை. அன்று ஆற்றில் ஒன்றும் வரவில்லை என்பது அதிர்ஷ்டம்தான். நிலையத் தலைவர் பாக் சுடார்யோ திட்டவில்லை. பதிவேட்டில் அந்த வெற்றிடத்துக்கு நேராக வார்த்தினாவின் பெயரை மட்டும் எழுதி வைத்தார்.

அதன் பிறகு வார்த்தினா என்ன செய்தார் என்பது விரத்னோவுக்கு ஆறு வருடம் தெரியாது. மேசையில் இருந்த நேரத்தைவிட மேலே கருவியோடு கிடந்த நேரம்தான் அவனுக்கு அதிகம்.

நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. பண்டிகைச் செலவுக்காகப் படுகையில் நாற்பது பேர் இறங்கி அள்ளிக்கொண்டிருந்தார்கள். மதியம் ஒன்றே முக்கால். கீழே வெயில். மேலே உச்சி கருமேகத்துக்குள் போயிருந்தது. திரையில் ஓடிய கோடு நின்றுவிட்டது.

விரத்னோ சுட்டியைத் தட்டினான். கோடு அசையவில்லை. பதிவுப் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. எழுதுகிறது, ஆனால் என்ன எழுதுகிறது என்று தெரியவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தான். நகலெடுத்துப் பார்த்தான்.

"திறக்க மாட்டேங்குதுக்கா. வேற நிரல் கையில இருக்குதாம். பேசாம நிறுத்திட்டு மறுபடி ஏத்திடவா?"

"ஏத்த எவ்வளவு நேரம்?"

"கால் மணி."

"அதுவரைக்கும் மலைய நிக்கச் சொல்லு. உன் பட்டத்தைக் காட்டினா நிக்குதான்னு பாப்போம்."

வார்த்தினா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பினார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு சொல்லைத் தட்டினார். எண்கள் மளமளவென்று இறங்கின. பச்சை விளக்கு ஒரு துடிப்பைக்கூடத் தவறவிடவில்லை.

"எப்படிக்கா? பூட்டியிருந்துச்சே."

"யாரு பூட்டினா? நீ கேட்ட விதம் அப்படி. உள்ள ஒருத்தன் எழுதிக்கிட்டிருக்கான். நீ வாசல்ல நின்னு, நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் எழுதக் கூடாதுன்னா எப்படி விடுவான்? நீ பாட்டுக்கு எழுது, நான் பாத்துட்டுப் போறேன்னு கேளு. விடுவான்."

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தது ஏழே வரிகள் கொண்ட ஒரு சின்ன நிரல். அந்தத் தவறுக்குப் பிறகு அதை எழுத அவருக்கு மூன்று மாதம் ஆனதாம். கல்லூரியில் கோப்புகளைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்துத் தேறியவன் விரத்னோ. திறக்கும்போது இரண்டு சேதி சொல்கிறோம், நான் என்ன செய்யப்போகிறேன், மற்றவர்களை என்ன செய்ய விடுவேன் என்று அவனும் படித்ததுதான். இரண்டாவதை அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. என்ன படித்தேன் நான் என்று அந்த நேரத்திலும் ஒரு கேள்வி வந்து போனது.

நாற்பது. நாற்பத்திரண்டு. முப்பத்தொன்பது. பிறகு இருநூற்றுப் பத்து. நானூற்று எண்பது. எழுநூற்று அறுபது. கடைசியில் ஒன்று.

விரத்னோ மூச்சு விட்டான். "ஒண்ணுக்கா. அடங்கிடுச்சு."

"கடைசி வரியைப் படிக்காதே. அவன் இன்னும் எழுதி முடிக்கல."

மறுபடி அதே சொல்லைத் தட்டினார். ஒன்று இருந்த இடத்தில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது நின்றது. அதன் கீழே இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து. அதற்கும் கீழே வெறும் இரண்டு.

விரத்னோ திரையை நோக்கிக் குனிந்தான். ஆறு கிலோமீட்டர் மேலே ஒரு மலை தன் கைப்பட எழுதிக்கொண்டிருந்தது. பாதி எண்ணில் பேனா நின்றிருந்தது. அந்தப் பாதிக்கு முன்னால், மலைக்கே தெரியாமல், கையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் காத்திருந்தார்.

ஆயிரத்தைத் தாண்டினால் சேறு கிளம்பிவிட்டது, அது படுகைக்கு வந்துசேர இருபது நிமிடத்துக்குச் சற்று மேலாகும். இருவருக்கும் தெரிந்த கணக்கு. அந்த மாதம் இரண்டு முறை கீழே இருப்பவர்களிடம் அதை அப்படியே சொல்லியிருந்தார்கள். இருபது நிமிடம் என்றால் படுகையில் பத்தொன்பது நிமிடம் மணல் ஏற்றினார்கள். இரண்டாம் முறை இரண்டு பேரைக் கயிறு போட்டு இழுக்க வேண்டியதாயிற்று.

வார்த்தினா வாக்கிடாக்கியை எடுத்தார். படுகையில் அதன் ஜோடி லாரிக்காரர் துக்கிஜானிடம் இருந்தது.

"துக்கிஜான் மாமா, வருது. எல்லாரும் மேல ஏறுங்க."

"இங்க வெயில் பல்லைக் காட்டுது பொண்ணே. எவ்வளவு நேரம் இருக்கு?"

வார்த்தினா திரையைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம்."

"அஞ்சா? லாரி பாதிதான் ரொம்பியிருக்கு. பின்னால வேற நாலு வண்டி அடைச்சு நிக்குது."

"லாரிய விடுங்க மாமா. சாவியையும் விடுங்க. ஓடுங்க."

விரத்னோ வாயைத் திறந்தான். வார்த்தினா அவனைப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தினார். அவன் மூடிக்கொண்டான்.

நாற்பது பேரும் கரையேறினார்கள். சேறு வந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவன் விரத்னோ ஒருவன்தான். வார்த்தினா சொல்லி இருபத்தொரு நிமிடம் ஆகியிருந்தது. வீட்டளவு பாறைகள் தக்கை போல மிதந்து வந்தன. ஐந்து லாரிகள் போயின. கடைசியாகப் போனது துக்கிஜானுடையது. பின்பலகையில் மகளின் முகத்தை வரைந்து வைத்திருந்தார். அந்த முகம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. முறையாகப் பின்னுக்கு எடுத்திருந்தால் பதினைந்து நிமிடத்தில் ஐந்தையும் கரையேற்றியிருக்கலாம். ஏற்றியிருப்பார்களா, இன்னும் நாலு கூடை என்று நின்றிருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. விரத்னோ இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டான். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது.

துக்கிஜான் இப்போது அடுத்தவர் லாரியில் கூலிக்கு மணல் ஏற்றுகிறார். பாம்புச் செதில் போலத் தோல் கொண்ட சலாக் பழம் பறிக்கும் காலத்தில் ஒரு கூடை கொண்டுவந்து நிலையத்தில் வைத்துவிட்டுப் போவார்.

"ஓடி வந்தோமே, அந்த அஞ்சு நிமிஷம் என்னா நீளம்ங்கிறே," என்று ஒருமுறை சிரித்தார். "நோன்பு வயிறு பாரு, அப்படித்தான் இருக்கும்."

வார்த்தினா தண்ணீர் கொடுத்தார். பழத்தை எடுத்துத் தோலை உரித்தார், சாப்பிடவில்லை. சொல்ல வந்தது போல முகம் ஒரு நொடி மாறியது. துக்கிஜான் அதற்குள் எழுந்துவிட்டார்.

சென்ற வருடம் வார்த்தினாவைக் கிழக்கே வேறொரு மலைக்கு மாற்றிவிட்டார்கள். புறப்படுகிற காலையில் பேருந்து நிறுத்தத்தில் விரத்னோ கேட்டான்.

"அந்த அஞ்சு நிமிஷத்தைப் பத்தி மாமாகிட்ட சொல்லிட்டீங்களாக்கா?"

"நேத்து போனேன் தம்பி. மகளுக்குப் பள்ளிச் சீருடை தைச்சுக்கிட்டிருந்தார். உக்காந்து டீ குடிச்சுட்டு வந்துட்டேன்."

"நான் சொல்லட்டுமா?"

"அது உன் கடன் இல்ல."

இருபத்தொன்றில் ஐந்து போக, துக்கிஜானுக்குச் சேர வேண்டிய அந்தப் பதினாறு நிமிடம் இன்னும் அவரிடம் போய்ச் சேரவில்லை.