மீன் தலை யார் பக்கம்

மீன் வாங்கும்போது பானிங் அக்கா செவுளைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. மீனை இரு கையாலும் தூக்கித் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி அதன் முகத்தைப் பார்ப்பார். மீன்காரி சிரித்தால், "இதுவும் எங்க முதலாளியும் நேருக்கு நேர் பாத்துக்கணும். மூஞ்சி லட்சணமா இருக்க வேணாமா?" என்பார்.

மணிலாவில், சீனர்கள் வாழும் பினோண்டோவின் ஒரு சந்தில் இருக்கிறது குவா குடும்பத்தின் கடை. படகுக் கயிறு, வலை, தார்ப்பாய், நங்கூரம் எல்லாம் கிடைக்கும். அங்கே முப்பத்தொரு வருடமாக மதியச் சாப்பாடு பானிங் அக்காவின் கையால்தான். முதலாளி முதல் மூட்டை தூக்குபவர் வரை பதினெட்டுப் பேர், இரண்டு வட்ட மேசை, ஒரே நேரம். மேசை நடுவில் சுழலும் பலகை. முழு மீன் வைத்தால் தலை முதலாளியைப் பார்க்க வேண்டும். அவர் முதல் துண்டு எடுக்கும்வரை பலகை அசையக் கூடாது. மேல் பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்டவே கூடாது. முள்ளை மட்டும் தூக்கிவிட்டு அடியில் உள்ளதை எடுக்க வேண்டும். புரட்டினால் வாடிக்கையாளர் ஒருவரின் படகு கவிழ்ந்துவிடும் என்பது நம்பிக்கை. புதிதாக வந்த குமாஸ்தா ஒருவர் தெரியாமல் புரட்டப் போய், பானிங் அக்காவின் கரண்டியால் மணிக்கட்டில் அடி வாங்கிக்கொண்டார். "கடல்ல இப்ப எத்தன பேரு இருக்காங்கன்னு தெரியுமா உனக்கு?"

பானிங் அக்கா மீன் சாப்பிட மாட்டார். காலையில் முகம் பார்த்ததை மதியம் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பார்.

முதலாளி டொமினடோர் குவா, தன் எழுபத்தெட்டாவது பிறந்தநாளில், நூடுல்ஸை உறிஞ்சியபடியே, இனி தனக்கு ஓய்வு என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான நாற்காலியில் இருந்தார். "சும்மா பேப்பர் படிக்க வந்தேன். வீட்ல வெளிச்சம் பத்தல." அடுத்து யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் மகன் என்று அர்த்தம். பினோண்டோவின் சீனக் குடும்பங்களில் அதுதான் வழக்கம். ஆனால் மகன் என்றும் வாய் திறந்து சொல்லவில்லை.

மகள் மர்லீனை எல்லோரும் அச்சி, அதாவது பெரியக்கா, என்று கூப்பிடுவார்கள். இருபத்துநாலு வருடமாகக் கடையில் இருக்கிறார். கயிற்றைக் கட்டை விரலால் ஒருமுறை தேய்த்து, எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். தம்பி வின்சன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்ததும் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டும் அட்டை கொடுத்தான். 'உணவுப் பிரிவு' என்று எழுதிய அட்டையைப் பானிங் அக்கா வினிகர் பாட்டிலின் கழுத்தில் மாட்டிவைத்திருக்கிறார்.

ஓய்வுக்குப் பிறகு கடையில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வந்தது. அச்சி அனுப்பச் சொன்ன கயிற்றுச் சுருள்களை வின்சன் பாதி வழியில் திரும்ப வரவழைத்தான். சரக்கறை ஆட்கள் அவற்றை வண்டியிலிருந்து இறக்காமல் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் பானிங் அக்கா கண்டுபிடித்த வழி, தலை இல்லாத மீன். மீன் உருண்டை, துண்டு மீன் வறுவல், புளிப்புக் குழம்பில் நடுத்துண்டு. இப்படியே மூன்று வாரம் போனது. தலைகள் பின்சந்துப் பூனைகளுக்குப் போயின. பூனைகள் முதலாளிகள் மாதிரி நடக்க ஆரம்பித்தன.

வின்சன் நல்ல பிள்ளைதான். எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் பெட்டி ஒன்றை வாங்கித் தந்தான். பானிங் அக்கா அதில் வெங்காயம் போட்டுவைத்தார். பிறகு, ஜூன் மாதத்திலிருந்து எல்லோருக்கும் சாப்பாட்டுச் சீட்டு கொடுத்துவிடலாம், சமையலறையில் இன்னும் நான்கு அலமாரி போடலாம், அக்காவும் ஓய்வெடுக்கலாம் என்றான்.

அச்சியோ ஒரு நாளும் எதையும் வாங்கித் தந்ததில்லை. "கேஸ் மறுபடியும் தீந்துடுச்சா? சமைக்கிறீங்களா, குளிர் காயுறீங்களா?" என்று கேட்பதோடு சரி. ஆனால் ஒரு மதியம் அவர் சமையலறை வாசலில் நின்று, செபு தீவில் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகனிடம் போனில் பேசியது பானிங் அக்காவின் காதில் விழுந்தது. "மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அப்பா எதுவும் சொல்லலன்னா அங்க வந்துடுறேன்."

மாசக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது.

மறுநாள் பெரியவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏன் பானிங், இப்பல்லாம் கடல்ல தல இல்லாமத்தான் மீன் பொறக்குதா?"

"நீங்க தல இருக்கற மீனக் கேக்கவே இல்லையே முதலாளி."

"நாளைக்கு முழுசா வை."

"தல யார் பக்கம்?"

பெரியவர் வெங்காயப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். "முப்பத்தொரு வருசம் பரிமாறுனவ நீ. என்னக் கேக்குற."

அன்றைக்குச் சோறு கொஞ்சம் அடி பிடித்தது. தலையை அச்சி பக்கம் வைத்தால், அடுப்பைக் காப்பாற்றிக்கொள்ள வைத்தாள் என்று நாளைக்கே பேசுவார்கள். தம்பி பக்கம் வைத்தால் அச்சி செபுவுக்குக் கப்பல் ஏறிவிடுவார். கயிற்றைத் தேய்த்துப் பார்க்க இந்தக் கடையில் வேறு கட்டை விரல் கிடையாது.

மறுநாள் காலை மீன் சந்தையில் ஐந்து களவா மீன்களின் முகத்தைப் பார்த்தார். ஆறாவதைத்தான் எடுத்தார். "இன்னிக்கு யாரப் பாக்கப் போகுது?" என்றாள் மீன்காரி. பானிங் அக்கா காசை எண்ணிக் கொடுத்தார்.

இஞ்சியும் வெங்காயத் தாளும் தூவி வேகவைத்த மீன் மேசைக்கு வந்தது. அடுத்த மேசையில் ஒருவர் எழுந்தே நின்று பார்த்தார். பானிங் அக்கா தட்டை வைத்தார். தலை மர்லீனைப் பார்த்தது. போனைத் தோளில் இடுக்கி யாரிடமோ நங்கூரச் சங்கிலியின் கனம் சொல்லிக்கொண்டிருந்த மர்லீன், பாதி எண்ணில் நிறுத்தினார்.

வின்சன் சிரித்தான். "பானிங் அக்கா, மீன் வழி தெரியாம வந்துடுச்சு போல" என்று பலகையின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து மெல்லத் தள்ளினான். பலகை நகரத் தொடங்கியது. பானிங் அக்காவின் ஈர உள்ளங்கை அதன் மேல் வந்து அழுந்தியது. நின்றுவிட்டது.

வின்சன் தந்தையைப் பார்த்தான். "அப்பா?"

பெரியவர் செய்தித்தாளை உதறிப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்தார். "என்னக் கேக்காதடா. நான் பேப்பர் படிக்க வந்தவன்."

பானிங் அக்கா இடது கையைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. வலது கையால் பரிமாறும் கரண்டியை மர்லீன் பக்கம் நீட்டினார்.