364 அடி வேகத்துல ஸ்டெல்லா மிஸ் கழுத்துக்கு வந்த பெயிண்ட் உருண்டை

இன்னிக்கு மத்தியானம் ஸ்டெல்லா மிஸ் கழுத்துல எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீங்கிருச்சு!

கோவத்தோடவே டைப் பண்றேன். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

நான் கொல்லிமலைல ஒரு அரசுப் பள்ளியில பிசிக்ஸ் டீச்சர். அவங்க இங்கிலீஷ் டீச்சர். ஞாயித்துக்கிழமை போரடிக்குதேன்னு, திண்ணனூர் நாடு போற வழியில புதுசா தொறந்த பெயிண்ட்பால் கிரவுண்டுக்குப் போனோம். பட்டா உடையற பெயிண்ட் உருண்டைய கன்னுல வெச்சு ஒருத்தர ஒருத்தர் சுடற வெளையாட்டு. (என் ஐடியாதான். திட்டுங்க.)

ஆரம்பிச்சு அஞ்சு நிமிசம்கூட ஆகல. எதிர் டீம்காரர் ஒருத்தர் பலா மரத்துக்குப் பின்னாலருந்து வந்து நாலு எட்டு தூரத்துல சுட்டுட்டாரு.

மாஸ்க்குக்கு ரெண்டு விரல் கீழ! மிஸ் அப்படியே உக்காந்துட்டாங்க.

உருண்டை உடையக்கூட இல்ல. தெறிச்சு என் கால்கிட்ட வந்து விழுந்துச்சு.

கன்னு குடுத்த அண்ணன் சிரிச்சுக்கிட்டே வந்தாரு.

"ஒண்ணுமில்லீங்க மேடம், வெறும் மூணு கிராமுங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"ஏனுங்க, எடைய சொல்றீங்களே, வேகம் எவ்வளவுங்க?"

"கன்னுல கேஸ் ஃபுல்லா இருக்குதுங்க. நல்லா போகும்."

(நல்லா போகுமாம்!)

வேகம் ரெண்டு மடங்கானா அடி நாலு மடங்குங்க! தூரத்துலருந்து வந்தா காத்து இழுத்து வேகத்தக் கொறச்சிரும். நாலு எட்டுல காத்துக்கு ஏது நேரம்? உருண்டை உடைஞ்சா கொஞ்சம் சக்தி அதுலயே போயிரும். உடையலன்னா எல்லாம் சதைக்குத்தான்.

"வேகம் அளக்கற மீட்டர் எங்கீங்க?"

"ஆபீஸ்ல இருக்குதுங்க..."

இருந்துச்சு. பெட்டியே பிரிக்கல!

பிரிக்க வெச்சேன். அதே கன்னுல சுடச் சொன்னேன். செகண்டுக்கு முந்நூறு அடிக்கு மேல போகக்கூடாது. காட்டுனது 364! வேகத்த வேகத்தால பெருக்கிக் கணக்குப் போட்டா, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பலமான அடி.

"எறும்புதானுங்களே? நாலு எட்டுல வந்து நில்லுங்க, நான் சுடறேன்."

மனுசன் பின்னால நகந்துட்டாரு.

அதுக்குள்ள ஒரு சின்னப் பொண்ணக் கூட்டிக்கிட்டு ஒரு குடும்பம் டிக்கெட் வாங்கிட்டு கேட்டுக்கு வந்துருச்சு. நான் கேட்டுக்குக் குறுக்க நின்னுட்டேன்.

"ஏனுங்க, நீங்க இங்க வேலை பாக்கறீங்களா?"ன்னு அந்தப் பொண்ணோட அப்பா கேட்டாரு.

"இல்லீங்க. அங்க உக்காந்திருக்கறவங்க கழுத்தப் பாருங்க."

பாத்தாரு. எம்பக்கத்துல வந்து நின்னுக்கிட்டாரு. பத்து கன்னையும் அளந்து, ஸ்க்ரூவத் திருப்பி வேகத்தக் கொறச்சப்புறம்தான் வழிய விட்டோம்.

மிஸ்ஸ டாக்டர்கிட்ட காட்டியாச்சு. பயமில்லைன்னுட்டாரு. எச்சி முழுங்கத்தான் வலிக்குதாம்.

பெயிண்ட்பால் ஆடுனவங்க சொல்லுங்க: கன்னை கையில குடுக்கறதுக்கு முன்னால, ஒரு தடவையாச்சும் யாராச்சும் அளந்து காட்டுனாங்களா?