புகைக் கொட்டகையில் மல்லாரி

படம் ஓடியது பகலில். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னாளில் அதைப் பற்றிப் பேசிய பலரும் இரவில் நடந்ததாகவே சொல்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் பொழுது சாய்ந்த பிறகு லயத்து வீட்டு வரிசைக்கு வெளியே நாலு பேர் கூடி நிற்க முடியாது. எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகை ஒன்று இருந்தது. ரப்பர் வாங்க ஆளில்லாமல் போனபின் அதில் அடுப்பு மூட்டுவதில்லை. சன்னல் கிடையாது. கதவை இழுத்துச் சாத்தினால் நடுப்பகலிலும் உள்ளே தன் கை தனக்குத் தெரியாது. படம் காட்ட அதைவிட நல்ல இடம் எங்களுக்கு எங்கே கிடைக்கும்?

படம் எடுத்தவர் ஒரு மாணவர். பீடோங்கில் போட்டோக் கடை வைத்திருந்தவரின் தங்கை மகன். சண்டைக்கு முந்திய வருஷம், சுங்கை பட்டாணியில் படித்துக்கொண்டிருந்தபோது, கடையிலிருந்த சின்ன சினிமாக் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு வந்தார். மூன்று நாளும் வெயிலில் நின்று எடுத்தார். தேருக்கு முன்னால் குனிந்தபடி பின்னோக்கி நடந்து வாய்க்காலில் விழுந்து எழுந்தார். பெரிய ஊர் சினிமாக்காரர்கள் கதை எடுக்கட்டும், தான் நம் ஆட்களை எடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டுகிறவர்களைப் படத்தில் யார் பார்ப்பார்கள்?

அந்தத் திருவிழாவில் தவில் அடித்தவர் என் வீட்டுக்காரர்.

மறு வருஷம் ஜப்பான்காரன் வந்தான். அதற்கடுத்து சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, அரிசி உண்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். எங்கள் லயத்தில் பாதி ஆண்கள் லாரியில் ஏறினார்கள். அவரும் ஏறினார். தவிலை உறைபோட்டுச் சுவரோரம் வைத்து, மழைக்காலத்தில் தோல் தளர்ந்துவிடும், அடுப்புப் பக்கம் நகர்த்தி வை என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதம் கழிந்தது. பிறகு நாங்கள் மாதத்தைப் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

என்னிடம் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. ஆனால் முகம் எனக்கு மறக்கவில்லை. என்னைவிட்டு முதலில் போனது சத்தம். காலையில் மரவள்ளிக் கொல்லையில் குனிந்து நிற்கும்போது அவர் அடிப்பதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பேன். தொடக்கம் வரும். நாலு அடி தள்ளி அது வேறு யாரோ அடிப்பதாகிவிடும். எங்கேயோ கல்யாணத்தில் கேட்டவரின் கை வந்து புகுந்துகொள்ளும். என் புருஷனின் கை எது என்று எனக்கே தெரியாமல் போய்விடுமோ என்ற பயம் பசியைவிடப் பெரிதாக இருந்தது. அவர் அடிப்பதை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும். அந்த நாட்களில் எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மாணவத் தம்பி, டயருக்குப் பதில் ரப்பர்க் குழாயைச் சுற்றிய சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். துண்டு துண்டாக எடுத்திருந்ததை ஒட்டி ஒரே படமாக ஆக்கியிருந்தார். கோவிலுக்குப் பின்னால் மூங்கில் சீவிக்கொண்டிருந்த நாயனக்கார அண்ணனிடம் நேரே போனார். அண்ணனோடு தாளம் போடும் மாமாவும் இருந்தார். மேளக் குழுவில் சயாமுக்குப் போகாமல் மிஞ்சியது அவர்கள் இரண்டு பேர்தான். அண்ணனுக்குக் காலில் ஆறாத புண், மாமாவுக்கு வயது.

"அண்ணே, படம் ஊமையா ஓடுது. நீங்க வாசிச்சாதான் உயிர் வரும். பினாங்குல ரெண்டு பாட்டுக்காரங்கள கேட்டேன். படிக்கிற பையன் படத்துக்கெல்லாம் வாசிக்கிறதான்னு சிரிச்சாங்க. கூலி குடுக்க என்கிட்ட ஒன்னுமில்ல. வீட்ல மரவள்ளி இருக்கு, கொண்டாரேன்."

"மரவள்ளிய இங்கேயா கொண்டார போற?" என்றார் மாமா. "கடலுக்கு உப்பு சுமந்த கதைதான் லா. சோறு தின்னு வருஷமாச்சு, தாளத்த தூக்கவே கையில தெம்பில்ல, இதுல ஓசிக் கச்சேரி வேற."

"ஓசின்னு சொல்லாதீங்க மாமா," என்றார் அண்ணன். "தம்பி, படத்துல சாமி இருக்கா?"

"இருக்குண்ணே. தேரு, காவடி, பால்குடம், எல்லாம் இருக்கு. நீங்களும் இருக்கீங்க."

"அப்பறம் என்னா? சாமிக்கு வாசிக்க கூலி பேசுவாங்களா? வெத்தல பாக்கு வச்சு கூப்பிடு. அது போதும்."

"நான் இருக்கேனா?" என்றார் மாமா.

"இருக்கீங்க மாமா. கொட்டாவி விடுறீங்க."

"அத வெட்டிடு," என்றார் மாமா. அதோடு சம்மதமும் சொன்னதாக ஆயிற்று.

செய்தி பரவி, பக்கத்துத் தோட்டத்திலிருந்த ஒரு தவில்காரர் தானும் சும்மா வந்து அடிப்பதாகச் சொல்லியனுப்பினார். நல்ல மனிதர், நல்ல கை. ஆனால் அவர் வந்து அடித்தால் எனக்குள் மிச்சமிருந்த நாலு அடியும் போய்விடும். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அன்று மாலை நாயனக்கார அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். தம்பியும் கூட இருந்தார்.

"தங்கச்சி, அந்தாள வேணாம்னு சொல்லிட்டேன். படத்துல உன் வீட்டுக்காரன் அடிச்சிக்கிட்டு இருப்பான். ஒருத்தன் அடிக்கையில மேல இன்னொருத்தன் அடிக்கிறது மரியாதையா?"

"அண்ணே," என்றார் தம்பி தயங்கி, "படத்துல சத்தம் வராதுண்ணே."

"சத்தம் வராட்டி என்னா? கை வருதுல்ல? கைய பாத்து நான் ஊதிக்கிறேன்."

தம்பிக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் அண்ணன் பேசினார்.

சுருதிப் பெட்டியை அமுக்க ஆளில்லை. என்னை அமுக்கச் சொன்னார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஆபீசில் கோவில் பூஜை என்று சொல்லி அனுமதி வாங்கிக் கொடுத்தார். கோத்தா கோலா மூடாவிலிருந்து கருவாடு ஏற்றிவரும் ஒருவர் தம் பழைய லாரியின் பேட்டரியை அன்று ஒரு பகலுக்குக் கொடுத்தார். படம் காட்டும் பெட்டியின் விளக்கு அதில்தான் எரிய வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். வேட்டி ஒன்றை ஷீட் காயப்போடும் கழிகளில் இழுத்துக் கட்டினோம்.

கொட்டகை நிறையப் பெண்கள். சுவரெல்லாம் கரி. உள்ளே இன்னும் பழைய புகை வாசம் இருந்தது. தம்பி தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அண்ணனிடமும் மாமாவிடமும் நீட்டினார். பிறகு யோசித்து என்னிடமும் நீட்டினார். கதவைச் சாத்தினார்கள். நான் பெட்டியை அமுக்கினேன். அண்ணன் மல்லாரியை எடுத்தார். சாமி கோவிலை விட்டுப் புறப்படும்போது வாசிப்பது அது.

வேட்டியில் எங்கள் கோவில் வந்தது. பெண்கள் கத்திவிட்டார்கள். தேர் அசைந்தது. காவடி ஆடியது. "அது எங்காளு! காவடியில, அது எங்காளு!" என்று ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். கோவில் கிணறு இடப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும், வலப்பக்கம் இருக்கிறதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். படத்தில் அப்படித்தான் தெரியும் போல என்று இன்னொருத்தி சொன்னாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவர் வந்தார். வேட்டி முழுக்க அவரும் தவிலும்.

அந்த நிமிஷத்தைச் சரியாக எழுத வேண்டுமென்று பலமுறை முயன்றிருக்கிறேன். முகம் அவருடையது. ஆனால் எனக்குப் பழகிய முகம் அல்ல. அவருடைய அண்ணனோ தம்பியோ போல ஒரு ஆள். அவருக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. அழுகை வரவில்லை. இத்தனை நாளில் முகமும் எனக்கு மறந்துவிட்டதா?

நாயனம் நின்றுவிட்டது.

"யாருய்யா இவன்?" என்றார் மாமா இருட்டில்.

"கை மாறியிருக்கு," என்றார் அண்ணன். "தம்பி, நிறுத்து. தவிலுக்கு குச்சி இடது கையில வரணும், இவனுக்கு வலது கையில இருக்கு. தோல அடிக்க கூடு மாட்டுன விரலு இடது கையில. அவன் எடக்கைக்காரன் இல்ல."

தம்பி சுற்றுவதை நிறுத்தி, விளக்கை அணைத்து, கதவைத் திறக்கச் சொன்னார். வெளிச்சத்தில் சுருளைத் தூக்கிப் பார்த்தார். அந்தச் சின்னச் சுருளுக்கு ஓட்டைகள் ஓரத்தில் இல்லை, நடுவில் வரிசையாக இருந்தன. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஓடும். அவர் புரட்டிப் போட்டிருந்தார். அதனால் எல்லாமே கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகிவிட்டது. காவடியும் தேரும் அப்படித்தான் ஓடியிருக்கின்றன. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. தவிலில்தான் பிடிபட்டது.

சரியாக மாட்டிவிடலாம் என்றார் தம்பி. ஆனால் பேட்டரியில் விளக்கு ஏற்கெனவே மங்கிக்கொண்டிருந்தது. முதலிலிருந்து ஓட்டினால் தவில் வரும்வரை தாங்குமோ தெரியாது. அவர் என்னைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தார்.

எல்லோருடைய ஆட்களும் அந்தச் சுருளில் இருந்தார்கள். எனக்கு மட்டும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க என்னால் முடியவில்லை. சுருதிப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தேன். முன்பு எழுந்து நின்று கத்தினவளே பேசினாள். அவள் புருஷனும் என் புருஷனும் ஒரே லாரியில் போனவர்கள்.

"எங்காளு திரும்பி நடந்தாலும் எங்காளுதான். நான் பாத்துட்டேன். கை மாறுனா மேளம் மேளமாடா தம்பி? அவ ஆளுக்கிட்ட போ."

யாரும் மறுக்கவில்லை. தம்பி கதவோரம் உட்கார்ந்து, சுருளை விரலால் ஓட்டி, தவில் வரும் இடத்தைத் தேடிப் பிடித்து மாட்டினார். மாமா அவரைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. முன்ன நீ உன் இஷ்டத்துக்கு சுத்துன. கை ஓடுது, தாளம் நடக்குது, எனக்கு பைத்தியமே புடிச்சிருச்சு. இப்ப என் தாளத்த கேட்டு சுத்து. நான் தட்டுறப்போ உன் கை கீழ வரணும்."

"சரி மாமா."

"கொட்டாவி விடாத."

கதவு மூடியது. விளக்கு எரிந்தது, பழுத்த மஞ்சளாக. இந்தத் தடவை வந்தது அவர்தான். இடக்கையில் குச்சி, வலக்கை விரல்களில் கூடு, தலையை லேசாக வலப்பக்கமே சாய்க்கும் பழக்கம். மாமா தாளத்தைத் தட்டினார். தம்பியின் கை அந்தத் தட்டுக்கு இறங்கியது. கை அதற்குச் சரியாக விழ, நாயனம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போனது. அண்ணன் எங்கெங்கே இடம் விட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. தவில் நிரப்ப வேண்டிய இடத்திலெல்லாம் அவர் விலகிக்கொண்டார். அந்த இடங்களில் கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை, சுருதியும் தாளமும் தவிர. எனக்குக் கேட்டது. நாலு அடி தாண்டியும் வேறு யார் கையும் உள்ளே வரவில்லை. அவர் கை மட்டும்தான்.

கடைசியில் தீர்மானம் வந்தது. ஒரே அடிவரிசையை மூன்று தடவை அடித்து முடிப்பது. முதல் தடவை அடித்தார். இரண்டாவது அடித்தார். மூன்றாவதற்குக் குச்சியைத் தூக்கினார். சுருள் தீர்ந்துவிட்டது.

வெறும் வேட்டி, மங்கின வெளிச்சம். தம்பி அன்று எடுத்தது அவ்வளவுதான். மாமா தட்டிய தட்டு ஒன்று தனியாக விழுந்து நின்றது. அண்ணன் நாயனத்தை உதட்டிலிருந்து எடுக்கவில்லை. தவில்காரர் முடிக்காமல் நாயனம் அடுத்ததைத் தொடக்கூடாது. அவர் உண்மையாகவே காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு அண்ணன் மெல்ல, "மங்களம் வாசிச்சிடுறேன்," என்றார். எதை வாசித்தாலும் மங்களம் வாசித்துத்தான் எழுந்திருப்பார்கள். முடிக்காமல் எழுவது ஆகாது.

நான் சுருதிப் பெட்டியை மூடினேன். சத்தம் நின்றது.

"வேணாம்ணே," என்றேன். "அவரு இன்னும் முடிக்கல."

யாராவது திட்டுவார்கள் என்று நினைத்தேன். மாமா தாளத்தைத் துண்டில் சுற்றினார். அண்ணன் எழுந்து, புண்காலை இழுத்தபடி போய்க் கதவைத் திறந்தார். வெயில் உள்ளே வந்தது. பெண்கள் கண் கூசியபடி கொல்லைக்குத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு படம் ஓடவில்லை. பேட்டரி திரும்பிப் போனது. விளக்கு பல்ப் போனபின் வேறு கிடைக்கவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். காவடிக்காரர் வந்தார். என் வீட்டுக்காரரை ஒரு முகாமில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அந்த முகாமில் அவர் இல்லவே இல்லை என்றார் இன்னொருவர். செத்ததைப் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து நாயனக்கார அண்ணன் கூலிம் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் குடும்பத்தோடு மாறிப் போனார். புறப்படும் நாள் காலையில் வந்தார். கையில் உறையோடு நாயனம்.

"தங்கச்சி, அன்னிக்கி விட்டது அப்படியே நிக்கிது. மனசு கேக்கல. முடிச்சிட்டு போவட்டுமா?"

அவர் தவறாகக் கேட்கவில்லை. என்னை விடுவிக்கத்தான் கேட்டார். ஆம் என்று சொல்லியிருந்தால் அன்று நானும் புருஷனைப் பறிகொடுத்த மற்றப் பெண்களைப் போல் வெள்ளை கட்டி, அழுது, எழுந்திருப்பேன். எனக்கு அந்த மூன்றாவது தடவை தெரியும். மனதுக்குள் தினமும் அதன் ஓரம்வரை போவேன். அதற்கு அப்பால் போனதில்லை.

"வேணாம்ணே. அவரே வந்து முடிக்கட்டும்."

அண்ணன் உறையின் நாடாவை இறுக்கிக் கட்டினார். கொடுத்த காப்பியைக் குடித்தார். வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டும்போது, சாதாரணமாக, ஆபீஸ் விஷயம் சொல்வதுபோல் சொன்னார்.

"சரிம்மா. அவன் வந்தா ஆள் அனுப்பு. நான் விட்ட எடத்துலயே நிக்கிறேன்."