அடியில் ஓடும் கறுப்புக் கோடு

கவுண்டர் அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு கண்ணாடி வழியாக. ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு பேருந்து நிலையத்தில் வந்து இறங்கியிருந்தேன். பல்கலைக்கழகம் போகிற பேருந்துக்கு உள்ளே போய்ச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் எண் கவுண்டரில் பெரிய கண்ணாடி, நடுவில் ஒரு மைக். அந்தப் பக்கம் அவர் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் பேசுவதுதான் அவருக்குப் போய்ச் சேரவில்லை. தொண்டையைத் திறந்து கத்தினேன். பின்னால் நின்ற வரிசை முழுவதற்கும் நான் எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது.

"கத்தாதீங்க தம்பி," என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. "உங்க பக்கத்து மைக் போயிடுச்சு. அடுத்த வாரம் சரிபண்ணிடுவாங்களாம். நீங்க சும்மா வாயை மட்டும் அசைங்க, எனக்குப் புரியும்."

அசைத்தேன். சரியான சீட்டு வந்தது. பெரிய ஊர் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். மொழியியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருந்தது. அதில் சனிக்கிழமைதோறும் ஒலியியல் ஆய்வகம் உண்டு. அந்த வகுப்பில் மட்டும் வெளியாட்களும் கட்டணம் கட்டிச் சேரலாம். முதல் சனிக்கிழமை உள்ளே நுழைந்தால், கடைசி பெஞ்சில் மூன்றாம் எண் கவுண்டர் உட்கார்ந்திருந்தது.

"அட, கத்துற தம்பி!" என்றார்.

மாடிப்படிக்குக் கீழே கிடந்த சாமான் அறையைத்தான் ஒலிப்பதிவு அறையாக மாற்றியிருந்தார்கள். சுவரெல்லாம் கறுப்பு நுரைப்பஞ்சு, இரட்டைக் கதவு, ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் நம் வயிறு பேசுவது நமக்கே கேட்கும். உள்ளே ஃபேன் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, சட்டைப்பையில் சாவி கூடாது. பத்து நிமிடத்தில் ஆள் குளித்துவிட்டு வந்தது போல வெளியே வருவான். அந்தப் பஞ்சின் வாசனை இன்றைக்கும் எங்காவது அடித்தால் நான் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

அன்றைக்கு, எங்களுக்கு வகுப்பெடுத்த மேடம், "மைக் அளவு வைக்கணும், ஏதாவது பேசுங்க," என்று அக்காவிடம் சொன்னார். மைக் முன்னால் உட்கார்ந்ததும் அக்காவின் கை தானாக மேசையில் நீண்டது. "எந்த ஊரு? எத்தனை பேரு? சில்லறையா குடுங்க," என்றார். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. என்னையும் அவரையும் ஒரே மேசையில் போட்டார்கள்.

அன்று போனில் என் அம்மா கேட்டாள்: "அங்க என்னடா சொல்லித் தர்றாங்க?"

"சத்தம் எப்படி வருதுன்னு சொல்லித் தர்றாங்கம்மா."

"அதுக்கா அவ்வளவு தூரம் போன? வீட்டிலேயே இருந்திருந்தா உங்கப்பா போடுற சத்தத்தையே படிச்சு முடிச்சிருக்கலாமே."

பேச்சைப் பதிவு செய்து கணினியில் ஏற்றினால், அது சாம்பலும் கறுப்புமாக ஒரு படமாக விரியும். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. நாங்கள் 'படம்' என்றுதான் சொல்வோம். மேடம் அடிக்கடி சொல்வார்: "காது ஆசைப்பட்டதைக் கேக்கும். படத்தைப் பாருங்க." ஒரு நாள் அவர் இரண்டு படங்களைத் திரையில் போட்டார். ஒன்று 'அப்பா', மற்றொன்று 'அம்மா'. முன்னும் பின்னும் ஒரே மாதிரி. 'அப்பா'வின் நடுவில் உதடு மூடுகிற இடத்தில் சத்தமே இல்லாததால் வெள்ளையாக ஒரு பள்ளம். 'அம்மா'வில் அதே இடத்தில், பள்ளத்தின் அடியில் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. வாய் மூடியிருக்கும்போது மூக்கு வழியாக வருகிற சத்தம் அது.

"இன்னொரு தடவை காட்டுங்க மேடம்," என்றார் அக்கா. காட்டினார். "இன்னொரு தடவை," என்றார். பக்கத்து மேசையில் யாரோ, "அக்கா, படம் ஓடாது, நின்னுட்டுத்தான் இருக்கும்," என்று கிண்டல் செய்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்து படிக்கட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஆறு வயதில் ஒரு மகள். வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கருவி மாட்டினால் ஏதோ கொஞ்சம் போகும்.

"கையால பேச ஆரம்பிச்சான்னா நம்ம வாயால ஜெயிக்க முடியாது தம்பி. ஸ்கூல்ல சைகை சொல்லிக் குடுத்திருக்காங்க, நானும் அவரும் கத்துக்கிட்டோம். உதட்டையும் படிப்பா, என்னை மாதிரியே. நானே அவளுக்காகக் கத்துக்கிட்டதுதான் அது."

"அப்புறம் என்னக்கா?"

"வாயால ஒரே ஒரு வார்த்தைதான் வரும். அப்பா. அவரையும் அப்பாங்கறா, என்னையும் அப்பாங்கறா. உதட்டைப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதானே, அவ என்ன பண்ணுவா? நான் அடுப்புப் பக்கம் திரும்பி நிக்கும்போது கை எனக்குத் தெரியாது. பின்னாலேருந்து அப்பான்னு குரல் வரும். அவர்தான் எழுந்து போவார். ஆறு வருஷமா என்னை யாரும் அம்மான்னு கூப்பிட்டதில்ல தம்பி. அந்தக் கோட்டை அவ கண்ணால பாத்துட்டா வந்துடாதா?"

ஆண்டு இறுதிக்கு ஒவ்வொரு மேசையும் ஒருவர் பேச்சைப் பதிவு செய்து ஆராய வேண்டும். நாங்கள் வாலுவை எடுத்துக்கொண்டோம்.

வாலு வந்தாள். வந்த கையோடு சுவரில் இருந்த பஞ்சைப் பிய்த்துப் பார்த்தாள். எனக்கு ஒரு சைகைப் பெயரும் வைத்தாள். காதை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டுவது. என் காது கொஞ்சம் பெரிதுதான். சனிக்கிழமைதோறும் வந்தவளுக்கு ஆறாவது வாரம் அறைக்குள் வேர்த்துக் கொட்டியது. நெற்றி முடியெல்லாம் ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கு மனது கேட்கவில்லை. "மேடம் சாப்பிடப் போயிருக்காங்க, கொஞ்ச நேரம்தானே," என்று வெளியிலிருந்த மேசை ஃபேனை உள்ளே கொண்டுவந்து ஒரு மூலையில் மெதுவாக ஓடவிட்டார்.

படத்தைக் காட்டி, கோட்டைக் காட்டி, மறுபடி மறுபடி சொல்லவைத்தோம். எனக்குக் காதில் ஒரு சமயம் ப, ஒரு சமயம் ம. பதிவை வெளியே எடுத்துவந்து, வார்த்தையை மட்டும் வெட்டித் திரை நிறையப் பெரிதாக்கினோம். பள்ளத்தின் அடியில் கறுப்பாக ஒரு கோடு ஓடியது.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். வாலுவைத் தூக்கிச் சுற்றினார். அவர் கணவர், அதாவது எனக்கு மாமா, இரண்டு தெரு தள்ளிப் பூட்டுச் சாவிக் கடை வைத்திருந்தார். அவருக்குப் போன் போட்டு, "என்னை அம்மான்னு கூப்பிட்டுட்டா! படத்துல இருக்கு!" என்று அலறினார். மாமா கடையைச் சாத்தக்கூட இல்லை, சட்டையில் இரும்புத் தூளோடு ஓடிவந்தார்.

அவருக்கு முன்னால் மேடம் வந்துவிட்டார். திரையைப் பார்த்தார், ஹெட்போனை மாட்டிக் கேட்டார். பிறகு வெட்டிய வார்த்தையை விட்டுவிட்டு முழுப் பதிவையும் விரித்தார். கறுப்புக் கோடு வார்த்தைக்கு முன்னாலும் ஓடியது, பின்னாலும் ஓடியது. யாருமே பேசாத இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பதிவறைக் கதவைத் திறந்தார்.

"இது உங்க பொண்ணு இல்லம்மா," என்றார் மெதுவாக. "இது ஃபேன்."

வாசலில் மாமா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அக்காவின் முகத்தை ஒரு முறை பார்த்தார், ஃபேனை ஒரு முறை பார்த்தார்.

"பரவாயில்ல விடு," என்றார். "ஃபேனாவது உன்னை அம்மான்னு கூப்பிட்டுச்சே."

அக்கா வெடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. மேடம் கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வாலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர்கள் எல்லோரும் எதற்கு ஒரு ஃபேனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்? கிட்டே போனாள். அதன் பின்புறத்தில் உள்ளங்கையை வைத்தாள். திரும்பி மேடத்தின் திரையைப் பார்த்தாள். கோட்டைக் காட்டினாள், ஃபேனைக் காட்டினாள், கையை நடுங்குவது போல ஆட்டினாள். இந்த நடுக்கம்தான் அந்தக் கோடு என்கிறாள்! ஆறு வாரமாக நாங்கள் அவளுக்குச் சொல்ல முயன்றது அது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முன் மண்டியிட்டார். அவள் விரலை எடுத்துத் தன் மூக்கின் பக்கத்தில் வைத்தார். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்றார். வாலுவின் கண் விரிந்தது. தன் அம்மாவுக்குள்ளேயும் ஒரு ஃபேன் ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. விரலை எடுக்கவே மாட்டேன் என்றாள்.

அன்று போனில் என் அம்மாவை வழக்கத்துக்கு மேல் இரண்டு தடவை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். "என்னடா, காய்ச்சலா?" என்றாள்.

தெரிந்துகொண்டது வாய்க்கு வருவதற்கு நாளாயிற்று. சனிக்கிழமைதோறும் ஃபேன் இல்லாமல், ஈரத்துண்டோடு உட்கார்ந்தோம். விரல் மூக்கில் இருக்கும்போது 'ம்' வரும்; உதட்டைத் திறக்கும் நேரத்தில் பழைய 'பா' முந்திக்கொண்டு விழும். 'அம்பா' என்பாள். "நல்லதாப் போச்சு, பாதி உனக்குப் பாதி எனக்கு," என்பார் மாமா. அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் வந்தபோதும் அவள் அம்பாவில்தான் நின்றாள். அக்கா அதை அப்படியே எழுதச் சொன்னார். "ஒரு தடவை ஏமாந்தது போதும் தம்பி. இருக்கறதை எழுதுங்க." கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே அறுந்து வெள்ளையாகிறது என்று அளந்து, படத்தோடு கொடுத்தோம். நல்ல மதிப்பெண்தான் வந்தது. அக்காவின் முகத்தில் அது பெரிதாக ஒட்டவில்லை.

தேர்வு முடிந்து ஊருக்குப் போகிற நாள், சீட்டு வாங்க மூன்றாம் எண் கவுண்டருக்குப் போனேன். மாமா வண்டியை நிறுத்தப் போயிருந்தார். வாலு மட்டும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். என்னைப் பார்த்ததும் காதை இழுத்துக் காட்டினாள். அவள் முறை வந்தது. தாடையை மேசை விளிம்பில் வைத்து எட்டிப் பார்த்தாள். உள்ளே அக்கா குனிந்து சீட்டுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வாலு கூப்பிட்டாள்.

மைக் இன்னும் சரியாகவில்லை. அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. உள்ளே ஒன்றும் போகவில்லை. கண்ணாடியைத் தட்டினாள். அக்கா நிமிர்ந்தார். வாலு மறுபடி வாயைத் திறந்து மூடித் திறந்தாள். உதட்டை வைத்து அது என்ன வார்த்தை என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது, அக்காவாலும் முடியாது. அவர் முகத்தில் அந்தக் கேள்வி நின்றது.

அது வாலுவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆள்காட்டி விரலைத் தூக்கித் தன் மூக்கின் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது முறை சொன்னாள்.

அக்கா கையிலிருந்த சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் கேட்டேனா என்று அந்தப் பார்வை கேட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நான் கேட்டது சுத்தமான 'அம்மா'. நடுவில் 'பா' ஒட்டவில்லை. அவ்வளவு இரைச்சலான நிலையத்தில் ஒரு கருவியும் இல்லாமல், என் பெரிய காதால் கேட்டேன்.

அக்கா அப்படியே எழுந்தார். பின்னால் நின்ற ஒருவர், "எங்கம்மா போறீங்க? வண்டி கிளம்பிடும்!" என்று கத்தினார். "போகட்டும்!" என்று ஸ்பீக்கரில் நிலையம் முழுவதும் கேட்டது. பக்கத்துக் கதவு திறந்தது. வெளியே வந்தவர் வேண்டுமென்றே மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வாலுவுக்கு அந்த விளையாட்டு உடனே புரிந்துவிட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டாள். அக்கா திரும்பினார்.

அந்த 'அம்மா'வுக்குப் பதிவு கிடையாது. எங்கள் அறிக்கையில் இருப்பது அம்பாதான்.

இது நடந்து ஏழு வருடமாகிறது. நான் வேறொரு ஊரில் ஒரு கல்லூரியின் ஒலியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பதிவறைக்குள் ஃபேன் கூடாது என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறேன். வாலு எட்டாம் வகுப்பு. வீடியோவில் கூப்பிட்டால் முதலில் காதை இழுத்துக் காட்டுகிறாள். மாமா கடையை இன்னும் பெரிய தெருவுக்கு மாற்றிவிட்டார். கவுண்டர் அக்கா அதே பேருந்து நிலையத்தில், இப்போது விசாரணைக் கவுண்டரில் இருக்கிறார். அங்கே கண்ணாடி இல்லை.