ஏலக்காய் ஸ்டோரில் ஆறாத உடம்பு

இன்ஸ்பெக்டர் போன் செய்தபோது நான் இரண்டாவது இட்லியில் இருந்தேன். போடிமெட்டுக்குப் போகிற வழியில் ஓர் ஏலத்தோட்டத்தில் கருப்பையா என்ற தொழிலாளி இறந்து கிடக்கிறார், பின்மண்டையில் காயம், உடம்பு இன்னும் சூடாக இருக்கிறது என்றார். செத்து எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார். மலைக்குளிரில் சூடு அவ்வளவு நேரம் நிற்காது. சட்ட மருத்துவத்தில் இருபது வருடம் குப்பை கொட்டிய தைரியத்தில், "ரெண்டு மணி நேரம் தாண்டியிருக்காது சார்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது இட்லியை எடுத்தேன்.

பத்து மணிக்கு ஜீப்பு என்னை அங்கே இறக்கிவிட்டபோது, கருப்பையாவின் மைத்துனன் சேகர் போலீஸ் வண்டியில் உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் ஜீப்பு ஸ்டாண்டில் இருவரும் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டதை ஊரே பார்த்திருக்கிறது. காலையில் முதல் ஜீப்பில் வேலைக்கு வந்து, பிணத்தைப் பார்த்துக் கத்தியவனும் அவன்தான். நான் சொன்ன இரண்டு மணி நேரத்துக்குள் பிணத்தருகே தனியாக இருந்த ஒரே ஆள்.

கருப்பையாவின் மனைவி செல்வி என் வழியை மறித்தாள்.

"புருசனப் பறிகொடுத்துட்டேன். எங்கண்ணனையும் கொண்டுபோயிட்டா நா யாருகிட்டப் போவேன் டாக்டரம்மா?"

அவளைத் தாண்டி உள்ளே போனேன். கன்னத்தில் வெக்கை அடித்தது. அது ஸ்டோர். பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, விறகு எரித்து, சூடான இரும்புக் குழாய்களால் காய வைக்கிற அறை; தீ அணைந்தாலும் மறுநாள்வரை வெக்கை தங்கும்படி அடைத்துக் கட்டியது. கருப்பையாவின் சோலியே இரவெல்லாம் அதற்குத் தீ போடுவதுதான். உடம்பு எங்கே கிடக்கிறது என்று நான் போனில் கேட்கவே இல்லை. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஆசனவாய் வழியாக வெப்பமானியை வைத்தேன். முப்பத்தெட்டைத் தாண்டியது. உயிரோடு இருக்கிறவருக்கே முப்பத்தேழுதான். மணிக்கு ஒரு டிகிரி வீதம் குறையும் என்ற வாய்ப்பாட்டில் போட்டால், கருப்பையா இன்னும் சாகவே இல்லை.

ஆனால் தாடையிலிருந்து கால்விரல் வரை விறைத்திருந்தது. முதுகில் ரத்தம் தேங்கிய இடத்தை அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை. காலையில் செத்த உடம்பு இல்லை இது. அறையின் சூடு உடம்பை ஆற விடாமல் வைத்திருக்கிறது. ஆனால் எத்தனை மணி நேரம் என்று சொல்ல, தீ எப்போது அணைந்தது என்று தெரிய வேண்டும்.

காய் தரம் பிரிக்கும் பேச்சியம்மா வாசலில் நின்றிருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டேன். தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார்.

"நேத்து சாயங்காலம் போட்ட காய் இது. விடிய விடிய தீ எரிஞ்சிருந்தா இந்நேரம் காம்பு உதிரணும். இன்னும் வளையுது பாருங்க. அடுக்குன விறகும் கொறையல. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு கட்டகூட விழல டாக்டரம்மா."

தீ போடுகிற கருப்பையா பத்து மணிக்கு மேல் தீ போடவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

பிரேதப் பரிசோதனையில் மீதியும் தெளிவானது. இதயக் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. மாரடைப்பில் சரிந்தபோது இரும்புக் குழாயின் விளிம்பில் மண்டை பட்டிருக்கிறது. அந்த இரும்புக் குழாயில் ரத்தமும் இருந்தது. கொலையே இல்லை. இருந்தாலும் இரவு பத்து மணி வாக்கில் சேகர் எங்கே இருந்தான் என்று இன்ஸ்பெக்டர் விசாரித்தார். மலைக்குக் கீழே சிலமலையில் ஒரு கல்யாண வீட்டில் நள்ளிரவு தாண்டும்வரை பந்தி பரிமாறியிருக்கிறான், வீடியோவில் சாம்பார் வாளியோடு நிற்கிறான்.

"காலைல நா போன்ல சொன்னது தப்பு சார். அதையும் சேத்தே எழுதித் தர்றேன்" என்றேன்.  இன்ஸ்பெக்டரே போய் சேகர் இருந்த வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கருப்பையாவின் பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவன் சேகர். எனக்குக் கர்வமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். உடம்பின் சூட்டைக் கேட்பதற்கு முன்னால் அது கிடக்கும் இடத்தின் சூட்டைக் கேளுங்கள். அந்த இன்ஸ்பெக்டர் இப்போதும் எனக்குப் போன் செய்வார். வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்.

"டாக்டர், எடத்த மொதல்ல சொல்லிர்றேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.