மாப்பிள்ளைக் குதிரைக்குப் போட்ட ஊசி

எங்கள் சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது என் கதையை எடுத்துவிடுவார்கள். "மாப்ள காலைக் கட்டிக்கினு தொங்குனாளே, அவதான இவ?" ஆமாம், நான்தான். அதற்கு அன்றைக்கும் மன்னிப்புக் கேட்கவில்லை, இனிமேலும் கேட்பதாக இல்லை.

அம்மாவின் தம்பியான என் மாமா, உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு வெள்ளைக் குதிரையை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பெயர் வெள்ளச்சி. பள்ளிக்கூடம் விட்டால் நான் வீட்டுக்குப் போவதில்லை, அதனிடம்தான் போவேன். அதற்கு இருந்த ஒரே குறை, சரவெடி ஆகாது. ஒரு கல்யாணத்தில் மிரண்டு பந்தல்காலையே சாய்த்துவிட்டது. "இன்னொரு வாட்டி மிரண்டா ஒருத்தனும் கூப்பிட மாட்டான்க்கா. வித்துட வேண்டியதுதான்" என்று மாமா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு வழி கேட்கத்தான் மாமா மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். நானும் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு போனேன். எனக்கு அப்போது பத்து வயது. மிரளாமல் இருக்க ஏதாவது ஊசி உண்டா என்று கேட்டார்.

"இருக்கு. கால்ல தையல் போடணும்னா போடுவேன். ஊர்வலத்துக்குப் போட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "சாதுவா நிக்கிற மாதிரிதான் தெரியும். நடக்க வுட்டா கால் பின்னும். வெடிச் சத்தம் கேட்டா அந்த மயக்கத்துலயும் துள்ளும், துள்ளினா கால் நிக்காது. மேல ஆள் உட்கார்ந்திருந்தா என்ன ஆகும், யோசிங்க. மாட்டுக்கு ஒரு அளவு, குதிரைக்கு வேற அளவு. தெரியாதவங்க கையால போட்டுடாதீங்க."

மாமா தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக்கொடுத்தார்.

அடுத்த கல்யாணம் எங்கள் சொந்தத்திலேயே வந்தது. சாயங்காலம் மண்டபத்துக்குப் பின்னால் வெள்ளச்சியைப் பார்க்கப் போனேன். மாடுகளுக்கு ஊசி போட ஊர் ஊராகப் பைக்கில் சுற்றும் ஆள் ஒருவர், அதன் கழுத்தில் ஊசி போட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாமா அங்கே இல்லை. கொஞ்ச நேரத்தில் வெள்ளச்சியின் தலை தொங்கியது, கீழுதடும் தொங்கியது. "எவ்ளோ சாதுவா கீது பாரு" என்று பெண்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

பேண்டு தொடங்கியதும் மாமா வந்து அதை முன்வாசலுக்குப் பிடித்துக்கொண்டு போனார். மாமாவிடம் ஓடினேன். "மாமா, அந்த ஆளு தூக்க ஊசி போட்டுட்டான்." பேண்டுச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சேணத்தை இழுத்துக் கட்டினார். "சும்மா இரு பாப்பா. பேஜார் பண்ணாத."

அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். கழுத்தில் ஆள் உயர மாலை. அவர் ஒரு காலைத் தூக்கி, சேணத்திலிருந்து தொங்கிய அங்கவடியில் வைக்கப் போனார், நான் பாய்ந்து இன்னொரு காலைக் கட்டிக்கொண்டேன். "ஏறாதண்ணா, வுழுந்துடுவ. அதுக்கு ஊசி போட்டு கீறாங்க. எங்க மாமாவுக்குத் தெரியாது!" மாப்பிள்ளை ஒற்றைக்காலில் தத்திக்கொண்டிருக்க, வீடியோக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா வந்து முதுகில் நாலு வைத்தாள். கையை மட்டும் நான் விடவில்லை.

"அபசகுனம் புடிச்ச மாதிரி இன்னா இது?" என்று மாப்பிள்ளையின் அப்பா கத்தினார். மாப்பிள்ளைக்கோ நிஜமாகவே பயம் வந்துவிட்டது. "நான் நடந்தே வரேம்பா" என்று தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டார். வாடகை பேசிய குதிரையைச் சும்மா விடுவதா என்று அதை வெறும் சேணத்தோடு முன்னால் நடக்கவிட்டார்கள்.

கடைத்தெரு முனையில் சரவெடியைக் கொளுத்தினார்கள். வெள்ளச்சி துள்ளியது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, முட்டி போட்டு அப்படியே பக்கவாட்டில் தார் ரோட்டில் சாய்ந்தது. பேண்டு நின்றது. மாமா அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு உயிர் தப்பியதே என்று யாரும் சொல்லவில்லை. நான் அபசகுனமாக வாய் வைத்ததால்தான் குதிரை விழுந்தது என்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா காலில் விழச் சொன்னாள் அம்மா. மாட்டேன் என்றேன். இன்னும் நாலு விழுந்தது. மாட்டேன் என்றேன்.

வெள்ளச்சி எழுந்து நின்றது. முட்டிகளில் தழும்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அதை யாரும் கூப்பிடவில்லை, மாமா விற்றுவிட்டார். லாரி போன பிறகு வெறும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மாமாவைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஊசிக்காரரைக் கூப்பிட்டுவிட்டு, பார்க்க மனசு வராமல் முன்பக்கம் போய் நின்றது மாமாதான் என்று அம்மா எனக்குச் சொன்னது, நான் பெரியவளாகி வெகுகாலம் கழித்து.

அந்த வருஷம் முழுக்க மாமா எப்போது வீட்டுக்கு வந்தாலும், அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதையேதான் சொல்வேன். "உனக்குத் தெரியாம பண்ணிட்டாங்க மாமா. உனக்குத் தெரிஞ்சிருந்தா வுட்டிருப்பியா?" ஒவ்வொரு தடவையும் அவர் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். நான் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.